விமானியாக விரும்பும் பிள்ளையும் வீட்டின் நகைப் பெட்டியும்



1950களில் இராமேஸ்வரத்தைச் சேர்ந்த ஓர் இளைஞருக்குச் சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்லூரியில் இடம் கிடைத்தது. சேர்வதற்கு ஏறத்தாழ 1,000 ரூபாய் தேவைப்பட்டது. தந்தையிடம் அவ்வளவு பணம் இல்லை. அப்போது அவருடைய சகோதரி ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்து அத்தொகையைக் கொடுத்தார். அந்த இளைஞர் விமானப் பொறியியல் படித்து முடித்தார். விமானத்தை ஓட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. விமானப்படைத் தேர்வுக்காக டேராடூன் சென்றார். அங்கு வந்திருந்தோர் 25 பேர். எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள் 8 பேர். அவருக்குக் கிடைத்ததோ ஒன்பதாம் இடம்.

அவர்தாம் நம் முன்னாள் குடியரசுத் தலைவர் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் என்பதை நீங்கள் ஊகித்திருப்பீர்கள். ஓர் இடம் தவறியதால் அவர் விமானியாகவில்லை. ஆயினும் 2006 ஜூன் 8 அன்று, தம் 74ஆம் வயதில், புனே விமானப்படைத் தளத்திலிருந்து சுகோய் 30 போர் விமானத்தில் துணை விமானியின் இருக்கையில் அமர்ந்து பறந்து வந்தார். இளமையில் கொண்ட ஆசையின் ஒரு பகுதியேனும் முதுமையில் நிறைவேறியது.

இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கும் அதே ஆசை இருக்கிறது. ஆண்டுதோறும் பிளஸ் டூ தேர்வு முடிவு வந்தவுடன் விமானப் பயிற்சி நிலையங்களின் வண்ண விளம்பரங்கள் வீடு தேடி வருகின்றன. அன்று 1,000 ரூபாய்க்கு வளையல் அடகுக்குச் சென்றது. இன்று தேவைப்படுவது அரைக் கோடிக்கும் மேல். எனவே இக்கட்டுரையில் ஒரே ஒரு செய்தியை உங்கள் மனத்தில் பதிக்க விரும்புகிறேன். விமானியாவதற்கு ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையில் பணம் கடைசியில் வர வேண்டும். அது முதலில் வந்துவிட்டால் குடும்பம் தடுமாறிவிடும்.

ஒரு தந்தையின் அனுபவம்

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊர் ஒன்றில் எனக்கு உறவினர் ஒருவர் உண்டு. நான் அவரைக் 'காக்கா' என்று அழைப்பேன். அரபு நாட்டில் பல்லாண்டு உழைத்துத் திரும்பியவர். அவருடைய இளைய மகன் விமானியாக ஆசைப்பட்டான். பிள்ளையின் மனம் நோகக் கூடாது என்று, மகளுக்கென வைத்திருந்த மனையை விற்று, ஒரு பயிற்சி நிலையத்தில் பெருந்தொகையை ஒரே தவணையில் கட்டிவிட்டார். மருத்துவப் பரிசோதனை அதன் பின்னர்தான் நடந்தது. பையனுக்குச் சிவப்பையும் பச்சையையும் சரியாகப் பிரித்தறிய இயலவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. பதினெட்டு வயது வரை வீட்டில் ஒருவருக்கும் அது தெரியாது, பையனுக்கே தெரியாது.

கட்டிய பணத்தில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுவதற்குள் அவருக்கு இரண்டு பெருநாட்கள் கடந்துவிட்டன. "தம்பி, கண்ணைப் பார்க்கச் சில நூறு ரூபாய் ஆகியிருக்கும். அதைச் செய்யாமல் மனையை விற்றேனே" என்று அவர் என்னிடம் சொன்னபோது, அவருடைய மகளும் அந்த அறையில்தான் இருந்தாள். அவளுடைய முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இத்தகைய நிலை இன்னொரு வீட்டில் நேரக் கூடாது. அதற்காகவே இவ்வரிசையை எழுதுகிறேன்.

முதற்படி: பள்ளிப் படிப்பு

நம் நாட்டில் விமானிகளுக்கு உரிமம் வழங்குவது, டி.ஜி.சி.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் ஆகும். சம்பளம் பெற்று விமானம் ஓட்டுவதற்கு 'வர்த்தக விமானி உரிமம்' வேண்டும். இதற்குக் குறைந்த வயது 18. மாணவ விமானி உரிமத்தை 16 வயதிலேயே பெறலாம்.

பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் பயின்றிருக்க வேண்டும் என்பது நீண்ட கால நிபந்தனை. கலை, வணிகப் பிரிவு மாணவர்களுக்கும் வழிவிடலாம் என்ற யோசனை 2025ஆம் ஆண்டில் எழுந்தது. எனினும் இவ்விரு பாடங்களையும் படித்திருப்பதே நல்லது. விமானத்தின் இறக்கை காற்றில் எவ்வாறு தூக்கப்படுகிறது, எதிர்க்காற்றில் எரிபொருள் எவ்வளவு செலவாகும் என்பனவெல்லாம் இயற்பியலும் கணிதமும்தாம். வேறு பிரிவில் படித்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் இவ்விரு பாடங்களையும் தனியே எழுதித் தேறி, இத்துறைக்குள் வந்திருக்கின்றனர்.

தமிழ்வழியில் பயிலும் பிள்ளைகள் இன்றிலிருந்தே ஆங்கிலத்தைக் கையில் எடுக்க வேண்டும். விமானிக்கும் தரைக் கட்டுப்பாட்டு நிலையத்துக்கும் இடையே நடக்கும் பேச்சு ஆங்கிலத்தில் அமைகிறது. சர்வதேச விதிப்படி விமானியின் ஆங்கிலத் திறன் ஆறு நிலைகளாக மதிப்பிடப்படுகிறது. அதில் குறைந்தது நான்காம் நிலை வேண்டும். இலக்கிய ஆங்கிலம் தேவையில்லை. கேட்டதைப் பிழையின்றிப் புரிந்துகொண்டு, தெளிவாகத் திருப்பிச் சொல்லத் தெரிந்தால் போதும். இதற்குப் பணம் வேண்டியதில்லை. நாள்தோறும் அரை மணி நேரம் வாய்விட்டுப் படித்தால் கைவரும்.

இரண்டாம் படி: உடல் தகுதி

காக்கா செய்யத் தவறியது இதைத்தான். மருத்துவப் பரிசோதனை இரு கட்டங்களைக் கொண்டது. முதலில் இரண்டாம் வகுப்புச் சான்று. டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மருத்துவர்கள் இதனை வழங்குவார்கள். அடுத்து முதல் வகுப்புச் சான்று. வர்த்தக விமானிக்கு இது இன்றியமையாதது. பெங்களூரில் உள்ள விமானப்படையின் வான்வெளி மருத்துவ நிறுவனம் உள்ளிட்ட சில மையங்களில் மட்டுமே இதற்கான முதல் பரிசோதனை நடைபெறுகிறது. இரத்தம், இதயம், காது, கண் அனைத்தையும் பார்ப்பார்கள். உரிமம் பெற்ற பின்னரும் இப்பரிசோதனை ஓய்வு பெறும் வரை தொடரும்.

கண்ணாடி அணிபவர்கள் கலங்க வேண்டியதில்லை. கண்ணாடியுடன் பார்வை முழுமையாகத் திருந்துமாயின் பெரும்பாலும் தடையில்லை. ஆனால் நிறங்களைப் பிரித்தறியும் திறன் கட்டாயம் வேண்டும். காரணத்தை அறிந்துகொண்டால் விதியின் நியாயம் விளங்கும். இரவில் விமான நிலையம் முழுவதும் நிறங்களாலேயே பேசுகிறது. ஓடுபாதையின் தொடக்கத்தில் பச்சை விளக்குகள், முடிவில் சிவப்பு, விமானம் ஊர்ந்து செல்லும் பாதையின் ஓரங்களில் நீலம். தரையிறங்க வரும் விமானிக்கு ஓடுபாதையின் பக்கத்தில் நான்கு விளக்குகள் தெரியும். இரண்டு வெள்ளையும் இரண்டு சிவப்பும் தெரிந்தால் சரியான சரிவில் வருகிறார் என்று பொருள். நான்கும் வெள்ளையாயின் மிக உயரத்தில் இருக்கிறார். நான்கும் சிவப்பாயின் ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிட்டார். அவருக்குப் பின்னே அமர்ந்திருக்கும் பயணிகளின் உயிர் அந்த நிறங்களில் இருக்கிறது.

எனவே, விமானி ஆசையுள்ள பிள்ளையை இந்த மாதமே உள்ளூர்க் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்று நிறப் பார்வையைச் சோதியுங்கள். புள்ளிகளுக்கு நடுவே எண் மறைந்திருக்கும் 'இஷிஹாரா' அட்டைகளைக் காட்டிச் சில நிமிடங்களில் சொல்லிவிடுவார். முதல் வகுப்புச் சான்று கைக்கு வரும் வரை எந்தப் பயிற்சி நிலையத்துக்கும் பெருந்தொகை எதையும் செலுத்தாதீர்கள்.

மூன்றாம் படி: எழுத்துத் தேர்வுகள்

வானில் ஏறும் முன் மேசையில் அமர்ந்து வெல்ல வேண்டிய தேர்வுகள் உள்ளன. வான்வழி காணல், வானிலையியல், விமானச் சட்ட விதிகள், விமானத் தொழில்நுட்பம் ஆகியவற்றில் டி.ஜி.சி.ஏ. தேர்வு நடத்துகிறது. தேர்ச்சிக்கு 100க்கு 70 வேண்டும். பள்ளித் தேர்வில் 35க்குப் பழகிய பிள்ளைகள் இதனை நன்கு நினைவில் கொள்ள வேண்டும். இவற்றோடு வானொலித் தொடர்புக்கான உரிமத் தேர்வும் உண்டு. பேசிக் காட்ட வேண்டிய இத்தேர்வில் தயங்கி நின்றவர்கள் பலர்.

இத்தேர்வுகளுக்கான செலவு, பறக்கும் பயிற்சியின் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது. ஆகவே முதலில் இவற்றை எழுதித் தேறுமாறு பிள்ளையிடம் சொல்லுங்கள். ஓராண்டு பொறுமையாகப் படித்துத் தேறியவனுடைய ஆசை உறுதியானது என்று நம்பலாம். மூன்று மாதத்தில் புத்தகத்தை மூடிவிட்டால், வீட்டுக்குப் பெரும் நட்டம் தவிர்ந்தது என்று எண்ணிக்கொள்ளலாம்.

குறுக்கு வழி காட்டுவோரை அண்ட விடாதீர்கள். 2011ஆம் ஆண்டில் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து உரிமம் பெற்ற விமானிகள் கைது செய்யப்பட்ட செய்தி நாட்டையே அதிர வைத்தது. ஹலாலான உழைப்பால் வராத உரிமம் தனக்கும் கேடு, பயணிகளுக்கும் கேடு.

நான்காம் படி: பறக்கும் பயிற்சி

வர்த்தக விமானி உரிமத்துக்குக் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்தின் பொறுப்பை மாணவரே ஏற்றுப் பறக்க வேண்டும். இரவுப் பறப்பு, கருவிகளை மட்டும் பார்த்துப் பறத்தல், ஊர்விட்டு ஊர் செல்லும் நெடும்பறப்பு ஆகியனவும் இதில் அடங்கும். நெடும்பறப்புகளில் ஒன்றேனும் 300 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 555 கிலோமீட்டர் தொலைவுக்கு அமைய வேண்டும். வழியில் இரு வேறு விமான நிலையங்களில் இறங்கி ஏற வேண்டும்.

தொடக்கத்தில் செஸ்னா போன்ற சிறிய ஒற்றை எஞ்சின் விமானத்தில் ஆசிரியர் அருகில் அமர்ந்து கற்பிப்பார். பெரும்பாலும் 15, 20 மணி நேரம் கழிந்த ஒரு காலையில் ஆசிரியர் கதவைத் திறந்து இறங்கிக்கொண்டு, "இனி நீ மட்டும் ஒரு சுற்று சென்று வா" என்பார். பக்கத்து இருக்கை காலியாக இருக்க, தனியே மேலெழும் அந்தச் சில நிமிடங்களை எந்த விமானியும் வாழ்நாளில் மறப்பதில்லை.

மைய அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி உத்தரப் பிரதேசத்தின் ஃபர்சத்கஞ்சில் இயங்குகிறது. 1980களில் தொடங்கப்பட்ட இந்நிலையத்தில் நுழைவுத் தேர்வு எழுதித்தான் சேர முடியும். தமிழகத்தைப் பொறுத்தவரை, 1930இல் தோன்றிய மெட்ராஸ் பிளையிங் கிளப் இத்துறையின் மூத்த அமைப்பாகும். புதிய பயிற்சி நிலையங்களுக்கு இடமளிக்க 2022இல் தெரிவு செய்யப்பட்ட ஐந்து விமான நிலையங்களுள் சேலமும் ஒன்று.

எந்த நிலையமாயினும் நேரில் சென்று பாருங்கள். விளம்பரத்தில் உள்ள விமானங்களுள் இன்று பறக்கும் நிலையில் உள்ளவை எத்தனை? மாணவர்கள் எத்தனை பேர்? ஆசிரியர்கள் எத்தனை பேர்? சென்ற ஆண்டு 200 மணி நேரத்தை முடித்தவர்களுக்கு எத்தனை மாதம் ஆயிற்று? இக்கேள்விகளை நிர்வாகியிடம் கேட்பதோடு, அங்கு பயிலும் மாணவர்களிடம் தனியே கேளுங்கள். விமானம் பழுதாகி நிற்பதாலும் வானிலையாலும் ஒன்றரை ஆண்டுப் பயிற்சி மூன்றாண்டாக நீள்வது உண்டு. 2025 முதல் டி.ஜி.சி.ஏ. பயிற்சி நிலையங்களைத் தரம் பிரித்து வெளியிடுகிறது, அப்பட்டியலையும் பாருங்கள். கட்டணத்தை, பறந்த மணிக் கணக்குக்கேற்பத் தவணையாகச் செலுத்தவும், விலகினால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் பெறவும் வற்புறுத்துங்கள்.

வெளிநாட்டில் பயின்று வருவோரும் உளர். அவர்கள் திரும்பிய பின் நம் நாட்டுத் தேர்வுகளையும் பறக்கும் சோதனைகளையும் முடித்த பிறகே இந்திய உரிமம் பெற முடியும்.

பணம்: ஒளிவு மறைவின்றி

இன்றைய நிலையில் உரிமம் பெறும் வரை ஏறத்தாழ 50 முதல் 70 இலட்சம் ரூபாய் செலவாகிறது. அத்துடன் முடிவதில்லை. ஏர்பஸ் 320, போயிங் 737 போன்ற குறிப்பிட்ட விமானத்தை ஓட்டுவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். நிலத்தில் நிற்கும் பாவனை விமானத்தில் அளிக்கப்படும் இப்பயிற்சிக்கு மேலும் 15 முதல் 25 இலட்சம் ஆகலாம். விமான நிறுவனங்களே தெரிவு செய்து பயிற்றுவிக்கும் திட்டங்களில் மொத்தச் செலவு ஒரு கோடியை எட்டுவதும் தாண்டுவதும் உண்டு.

வேலை வாய்ப்பு உண்டா என்று கேட்பீர்கள். 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும், அதே ஆண்டு ஜூனில் இண்டிகோ 500 விமானங்களுக்கும் கொள்முதல் அறிவிப்புச் செய்தன. விமானம் வந்தால் விமானியும் வேண்டும். ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். 2012இல் கிங்ஃபிஷர், 2019இல் ஜெட் ஏர்வேஸ், 2023இல் கோ ஃபர்ஸ்ட் ஆகிய நிறுவனங்கள் பறப்பதை நிறுத்தின. அனுபவமிக்க விமானிகளே வேலை தேடி நின்றனர். உரிமம் பெற்ற மறுநாளே வேலை என்பதற்கு எவரும் உறுதி தர முடியாது. உரிமம் கைக்கு வந்த பின் ஓரிரு ஆண்டுகள் காத்திருக்கவும் குடும்பத்துக்குத் தாங்கும் சக்தி இருக்க வேண்டும்.

வங்கிகள் கல்விக் கடன் தருகின்றன. பெருந்தொகைக்கு வீட்டையோ நிலத்தையோ ஈடாகக் கேட்கின்றன. வட்டியை அஞ்சி விலகும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். அவர்களுக்கு வழி, உறவினர் பலர் சேர்ந்து தரும் வட்டியில்லா அழகிய கடனும், ஜமாஅத்துகளின் கல்வி நிதியும்தாம். ஒரு திருமண விருந்தில் ஓரிரவில் செலவிடும் தொகையைக் கொண்டு, ஓர் ஊர் தன் பிள்ளை ஒருவனைப் பல மணி நேரம் வானில் பறக்க வைக்கலாம். வசதியுள்ளோர் இதனைச் சிந்திக்க வேண்டும். கடன் பெறும் பிள்ளையும் அது திருப்பித் தர வேண்டிய அமானிதம் என்பதை எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

பெண் பிள்ளைகளும் பறக்கிறார்கள்

1966இல் துர்பா பானர்ஜி இந்தியன் ஏர்லைன்ஸின் முதல் பெண் விமானியானார். இன்று நம் நாட்டு விமானிகளுள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் பெண்கள். உலகச் சராசரியோ 5 விழுக்காட்டளவே.

ஹைதராபாத் பழைய நகரத்தில் ரொட்டிக் கடையில் பணிபுரிந்த ஒருவரின் மகள் சல்வா ஃபாத்திமா. தம் கனவு விமானியாவது என்று அவர் சொன்னதைக் கேட்ட 'சியாசத்' உருது நாளேட்டின் ஆசிரியர் ஜாஹித் அலி கான் அவரை 2007இல் பயிற்சி நிலையத்தில் சேர்க்க உதவினார். உரிமம் கைக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. பெரிய விமானத்துக்கான பயிற்சிக்குப் பணமின்றி அவர் நின்றபோது தெலங்கானா அரசு உதவியது. தலையை மறைக்கும் ஆடையுடனேயே அவர் பயின்றார். ஒரு பத்திரிகையும் ஓர் அரசும் கை கொடுத்ததால் ஓர் ஏழை வீட்டின் ஆசை வானேறியது. நம் ஊர்களிலும் அத்தகைய கைகள் நீள வேண்டும்.

கட்டணமில்லா வழி

பணமில்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வாசல் உண்டு. அது விமானப்படை. பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்தவர்கள் தேசியப் பாதுகாப்பு அகாடமித் தேர்வு எழுதலாம். 2022 முதல் அங்கு பெண்களும் சேர்கின்றனர். பட்டம் பெற்றவர்களுக்கு விமானப்படை தனியே பொதுத் தேர்வு நடத்துகிறது. பயிற்சி முழுவதும் அரசின் செலவு. ஹைதராபாதில் பிறந்த இத்ரீஸ் ஹஸன் லத்தீஃப் 1978 முதல் 1981 வரை இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதியாக விளங்கியதை நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். போட்டி கடுமையானது, ஆனால் நுழைவுக் கட்டணம் அறிவும் துணிவும் மட்டுமே.

அங்கும் இடம் கிடைக்காவிட்டால்? விமானப் பராமரிப்புப் பொறியாளர், வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலர் என விமான நிலையத்தில் மதிப்புமிக்க பணிகள் பல உள்ளன. ஒன்பதாம் இடத்தில் நின்ற இராமேஸ்வரத்து இளைஞரை மீண்டும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கதவு மூடியது. அவர் வாசலில் அமர்ந்துவிடவில்லை. என் காக்காவின் மகனும் இன்று ஒரு பொறியியல் கல்லூரியில் படிக்கிறான். அவனுடைய அக்காவின் மனைக்குச் சமமான தொகையைத் தான் சம்பாதித்துத் தருவதாக அவன் தந்தையிடம் வாக்களித்திருக்கிறான்.

பெற்றோர்களே! பிள்ளையின் ஆசையைக் கேட்டவுடன் சிரித்து ஒதுக்காதீர்கள். உடனே நகைப் பெட்டியையும் திறந்துவிடாதீர்கள். முதலில் கண்ணைச் சோதியுங்கள். பிறகு உடல் தகுதிச் சான்று. பிறகு எழுத்துத் தேர்வு. பிறகு பயிற்சி நிலையத்தை நேரில் காணல். இவ்வளவும் கடந்த பின்னரே பணம், அதுவும் தவணையில்.

வாலிபர்களே! அக்காளின் வளையலைத் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் மீட்டுத் தருவேன் என்று கலாம் அன்று உறுதி பூண்டார். அதற்கு ஒரே வழி கடின உழைப்பு என்று உணர்ந்து படித்தார். உங்களுக்காக உம்மாவின் கழுத்திலிருந்து ஒரு சங்கிலி கழற்றப்படுமானால், அதன் எடை எத்தனை பவுன் என்பதை மட்டுமல்லாமல் அது எத்தனை ஆண்டு உழைப்பு என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதை அறிந்தவன் 70 மதிப்பெண்ணைத் தவற விடமாட்டான்.

இன்ஷா அல்லாஹ், உங்கள் வீட்டுப் பிள்ளை ஓட்டும் விமானத்தில் நீங்களும் ஒரு நாள் பயணம் செய்வீர்கள். அந்நாளில் உங்கள் வீட்டு வளையல்களும் வீட்டிலேயே இருக்கட்டும்.